பெயரை மட்டும் சொல்லவில்லை

என் சொந்தப் புத்தகத்தை, ஒருவரும் வாங்காத காரணத்தால், தர்ம சங்கத்தின் பணத்தில் நானே வாங்கினேன்.

சிரித்துக்கொள்ளுங்கள். அது நகைச்சுவைப் புத்தகம்தான். படித்து வராத சிரிப்பு, அது விலைபோன கதையைக் கேட்டாவது வரட்டும்.

ஆனால் அந்த அசிங்கத்தை மறைப்பதற்காக இன்னொன்று செய்தேன். ஒரு பெண்ணின் அடுப்பை அணைத்தேன்... அதைக் கேட்டபின்னும் சிரிப்பீர்களா, தெரியாது. நான் சிரித்து நாளாகிறது. வாரந்தோறும் பத்திரிகையில் பிறரைச் சிரிக்க வைப்பதாகச் சொல்லிக்கொள்கிறேனே, அது பிழைப்பு.

தொடங்குமுன் ஒன்று. அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லமாட்டேன். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் அவித்து விற்றது இடியாப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இடியாப்பமும் அல்ல. பின்னால் அவள் போய்ச் சேர்ந்த ஊரை மடுல்கெல்லை என்பேன்; அதுவும் வேறு ஊர்தான். எவ்வளவு கவனமான மனிதன் என்று என்னைப்பற்றி நல்லெண்ணம் கொண்டுவிடாதீர்கள். கவனம் எனக்கு எப்போதுமே எல்லாம் முடிந்த பிறகுதான் வரும்.

கண்டி நகரத்து மஹய்யாவையில் எங்களுக்கொரு சங்கம் உண்டு. கண்டி ஆஸ்பத்திரிக்கு நீண்டநாள் மருந்துக்காக வந்துபோகும் ஏழைகளுக்கு மாதாமாதம் சத்துணவுப் பொதி கொடுக்கும் சங்கம். முட்டை, பால்மா, பயறு, கடலை. நான் அதன் செயலாளர். இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை, தமிழ் எழுதத் தெரியும், கூட்டத்தில் பேச வெட்கமில்லை... இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் எந்தச் சங்கமும் அவனைத் தப்பவிடாது.

எங்கள் நாட்டில் தர்மம் செய்வதற்கென்று ஒரு முறை இருக்கிறதே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'கையளிப்பு' என்பார்கள். ஒரு தட்டு முட்டையைக் கொடுப்பதற்கு ஏழு பேர் அந்தத் தட்டைப் பிடிப்பார்கள். தட்டுக்கு நான்கு மூலைதான். ஆகவே மிச்சமுள்ள மூவர் பிடித்தவர்களின் கையைப் பிடிப்பார்கள். வாங்குகிறவர் நடுவில். எல்லாரும் கமராவைப் பார்க்க, அவர் மட்டும் முட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

செல்வி எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது நல்ல மழை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வாசலுக்கு வெளியே, மழைச்சாரலில் நின்றே பேசினாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். போட்டோ புடிக்காம குடுப்பீங்களா?"

"ஏம்மா?"

"டீபினு சொல்லிட்டாங்க ஐயா. ஆறு மாசம் மருந்து. முட்டை, பாலு எல்லாம் நல்லா சாப்புடச் சொல்றாங்க." வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். "எனக்குச் சாப்பாட்டு யாவாரம். இது வெளிய தெரிஞ்சா என் கைபட்ட இடியாப்பத்த ஒருத்தரும் தொடமாட்டாங்க."

"என் வாயிலிருந்து ஒரு சொல் வராது" என்றேன்.

எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா! உள்ளே என் மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, கண்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். அவள் காதிலும் விழட்டுமென்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

செல்வியின் நேர்மையையும் சொல்லிவிடுகிறேன். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் அவள் அடுப்பு மூட்டவே இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். இனிப் பரவாது, தாராளமாக வேலை செய்யலாம் என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான் மாவைப் பிசைந்தாள். அதுவும் சாப்பாட்டால் பரவுகிற நோயே அல்லவாம் அது. இதையெல்லாம் நான் நன்றாகப் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். சங்கத்தில் இதைப்பற்றி ஒரு சிற்றுரைகூட ஆற்றியிருக்கிறேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்... பின்னால் எனக்கு எதிராகப் பயன்படும்.

அவளுடைய பொதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பத்தி வெளியான பத்திரிகைத் தாளில் முட்டைகளைச் சுற்றிக் கொடுப்பேன். என் எழுத்து ஒரு மனிதருக்கு உருப்படியாகப் பயன்பட்டது அந்த மாதங்களில்தான்.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன்.

கைக்காசு போட்டு அச்சிட்டேன். வெளியீட்டு விழாவில் எல்லாரும் பாராட்டினார்கள். வடை முடிந்ததும் கலைந்தார்கள். பிரதிகள் மிஞ்சின. சங்கத்தின் வருடாந்த அறிக்கையில் 'கல்வி ஊக்குவிப்பு' என்று ஒரு தலைப்பு சும்மா கிடந்தது. மாணவருக்குப் பரிசு கொடுக்கலாமே என்று என் மனச்சாட்சியிடம் சொன்னேன். என் மனச்சாட்சி படித்தது. இப்படியான விளக்கங்களை உடனே புரிந்துகொள்ளும். சங்கத்தின் பெயரால் வாங்கி, சங்கத்தின் காசை என் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு பாடசாலை அதிபரிடம் பிரதிகளைக் கொண்டுபோனேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "அகராதி ஏதும் இருந்தாத் தாங்களேன்" என்றார். பெட்டிகள் என் கட்டிலுக்குக் கீழே போயின.

அந்தச் சமயம் பார்த்து முகநூலில் ஒருவன் எழுதினான்: சங்கத்தின் சத்துணவு யாருடைய வயிற்றுக்குப் போகிறது? அடியில் என் படம். அதுவும் பக்கவாட்டில் எடுத்தது! என் வயிற்றைப் பார்த்த எவருக்கும் பதில் தெளிவாகவே இருந்திருக்கும்.

பொதுக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் எழும்பினார்.

"செயலாளர் ஐயா, கல்வி ஊக்குவிப்புனு போட்டிருக்கீங்களே, யாருக்குங்க குடுத்தீங்க? என்னத்தக் குடுத்தீங்க?"

கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகள் கண்முன் வந்தன. ஆனால் வாய், பழகிய வாயல்லவா!

"உதவி பெறுவோரின் அந்தரங்கம் புனிதமானது. அவர்களுடைய விபரங்களைச் சபையில் பரப்புவது அறமாகாது. சங்கம் கூனிக் குறுகி நிற்கலாம், அவர்கள் நிற்கக்கூடாது!"

கைதட்டினார்கள். தபாலதிபரும் தட்டினார். நானும் ஏறக்குறைய தட்டியிருப்பேன்.

அந்தரங்கம் என்ற சொல்லை நான் முதன்முதலாக உபயோகித்தது என்னை மறைப்பதற்குத்தான். உண்மையிலேயே அது தேவைப்பட்ட ஒருத்திக்கு அதை வைத்திருந்தேனா? சொல்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னை ஓரமாக இழுத்தார். இரும்புக்கடை வைத்திருக்கிறவர், நல்ல மனிதர், நாசூக்கு மட்டும் கொஞ்சம் துருப்பிடித்தது.

"தம்பி, பேசுனதெல்லாம் சரி. ஆனா ஃபேஸ்புக்குல நாறுதே. சங்கங்கள எல்லாம் பாக்குறதுக்கு அரசாங்கத்துல, பிரதேச செயலகத்துல இருந்து ஆள் வருதாம், இனிமே சட்டம் இறுக்கமா வரும்னு பேசிக்கிறாங்க. கோயில் திருவிழாவுல மைக்கப் புடிச்சு, என்னென்ன செஞ்சோம்னு ஓப்பனா சொல்லிருங்க. அப்புறம் எவன் வாயத் தொறப்பான்?"

வெளிப்படையாகச் சொல்வதற்கு என்னிடம் ஒரு விடயம் இருந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் ஊர் சிரித்திருக்கும். பத்தி எழுதுகிறவனுக்கு அது ஒரு விளம்பரம்கூட. இல்லை... நான் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

திருவிழா நாள் வந்தது. கோயிலின் பின்னால் தகரக் கொட்டகையில் அன்னதானம். ஒலிபெருக்கியில் வழக்கம்போல உபயகாரர் பெயர்கள்: அரிசி இன்னார், பருப்பு இன்னார், வாழைக்காய் இன்னார் குடும்பத்தினர். பெயர் விடுபட்டவர்கள் மைக்கின் அருகே வந்து நின்று செருமுவார்கள். கொடுத்தவன் பெயரை ஊர் கேட்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். வாங்கியவனைப் பற்றி ஒலிபெருக்கியில் சொல்லும் வழக்கம் இருக்கவில்லை. அதைத் தொடக்கி வைத்த புண்ணியவான் நான்.

"எங்கள் சங்கம் ஒரு கண்ணாடி வீடு!" என்று மேடையேறி ஆரம்பித்தேன். இத்தனை பொதி, இத்தனை மாதம் என்று அடுக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. தட்டுச் சத்தம்தான் கேட்டது. பிள்ளைகள் அப்பளம் கேட்டு அழுதார்கள். எனக்குள் இருக்கிற எழுத்தாளனுக்குப் பொறுக்கவில்லை. இங்கே ஒரு கதை தேவை என்றான் அவன். கதை சொல்லாவிட்டால் உயிர் போய்விடும் என்கிற அந்த வியாதிக்கு எந்தக் கிளினிக்கிலும் மருந்தில்லை.

"இதே மஹய்யாவையில், விடியுமுன் எழுந்து, இடியாப்பம் அவித்து, உங்கள் பசியாற்றும் ஒரு சகோதரி... அவருடைய பெயரை நான் சொல்லமாட்டேன்... அவரைக் காசநோய் பிடித்தது. தன்னந்தனியே போராடினார். நம் சங்கம் கொடுத்த முட்டையும் பாலும் அவரை மீட்டெடுத்தன!"

கொட்டகை அடங்கிப்போயிற்று. கரண்டிகூட அசையவில்லை. என் எழுத்துக்கு ஒருநாளும் கிடைக்காத மௌனம்! அதை மரியாதை என்று நினைத்தேன். ஐயோ, நான் நினைத்தேன்...

அப்போதுதான் அவளைக் கண்டேன்.

சாம்பார் வாளிகள் இரண்டு. ஒன்று செல்வியின் கையில். ஒவ்வொரு வருடமும் அன்னதானத்துக்குக் கைகொடுக்க வருகிறவள். நான் அதை மறந்துபோனேன். அவள் கரண்டியைத் தூக்கியபடி நின்றாள். அவளுக்கு முன்னால் தட்டை நீட்டிக்கொண்டிருந்த பெண், தட்டை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் நகர்ந்தாள். அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் நின்றவரும் நகர்ந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. வரிசை ஏதோ தானாகவே வளைந்தது போல அடுத்த வாளிக்குப் போயிற்று. ஏற்கெனவே அவளிடம் வாங்கிவிட்ட ஒரு கிழவர் மட்டும் தன் தட்டைப் பார்த்தபடி நின்றார்.

செல்வி வாளியைக் கீழே வைத்தாள். கரண்டியை அதற்குள் சாய்த்துவைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே போனாள். மேடையைப் பார்க்கவே இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? "அடுத்ததாக..." என்றேன். ஆமாம்! பேச்சைத் தொடர்ந்தேன். முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

தலைவர் என் முதுகில் தட்டினார். "பிரமாதம் தம்பி! சில பொம்பளைங்க கண்ணு கலங்கிட்டாங்க."

மனைவியோடு வீட்டுக்கு நடந்தேன். சந்தியில் குடையை மடக்கிக்கொண்டே கேட்டாள்: "உது மைக்கில சொல்லுற கதையே?"

"நான் பெயரைச் சொல்லவில்லையே!"

"ஓம். பேரை மட்டும் சொல்லேல்லை."

அடுத்த சில நாட்களில் ஒருநாள் காலை, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் நான் நின்றிருந்தேன். செல்வி தினமும் இடியாப்பம் கொடுக்கிற கடை. தட்டுகளைத் தலையில் சுமந்து வந்து இறக்கினாள்.

"இப்ப ஆளுங்க ரொட்டிதான் கேக்குறாங்கம்மா" என்றார் முதலாளி, கல்லாவைத் துடைத்தபடி.

"அண்ணே, கிளினிக்குல வேணும்னா கேட்டுப் பாருங்க. இது பரவாதுண்ணே. சாப்பாட்டுல வரவே வராது."

"எனக்குத் தெரியும்மா. திங்கிறவனுக்குத் தெரியணுமே."

நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன். அதில் என் பத்தி. அந்த வாரம் அரசியல்வாதிகளின் கோழைத்தனத்தைப் பற்றி எழுதியிருந்தேன், நன்றாக வந்திருந்தது. கடையில் என்னைத் தெரியாதவர் யாருமில்லை. சங்கத்தின் செயலாளர், படித்தவர், எழுதுகிறவர். ஒரு வாய்ச்சொல் போதும்: "எனக்கு நாலு இடியாப்பம் கொடுங்கள்." அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் எனக்குப் பேச்சே வராதோ?

அவள் தட்டுகளை மறுபடி தலையில் தூக்கிக்கொண்டு போனாள். மாணவர் போர்டிங் ஒன்றுக்கும் கொடுத்துவந்தாள். அங்கும் பிள்ளைகளுக்குத் திடீரென்று பேக்கரிப் பாண்தான் பிடித்துப்போயிற்று.

இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை. இனித்தான் ஒப்புதல்.

பிறகொரு நாள், மனைவி பாடசாலைக்குப் போனபின், செல்வி எங்கள் வாசலில் நின்றாள். கையில் வாழையிலைப் பொட்டலம், ஒரு சிறு தகர டப்பா.

"மிஞ்சிருச்சுங்க ஐயா. வீணாப் போகுது. நீங்களாச்சும் சாப்புடுங்க. டப்பால சம்பல் இருக்கு."

கோபமில்லை. குத்தலுமில்லை. அல்லது எனக்குத்தான் அதை அடையாளம் காணத் தெரியவில்லையோ? வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன். ஏதோ ஒரு நகைச்சுவைகூடச் சொன்னேன். அவள் மரியாதைக்குச் சிரித்தாள்.

உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்துப் பிரித்தேன். வெள்ளை வெளேரென்று, இன்னும் சூடு ஆறாத இடியாப்பம். தேங்காய்ச் சம்பல் சிவப்பாக, வெங்காயம் பொடியாக நறுக்கி... எனக்குப் பசி. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கையும் கழுவியாயிற்று.

நான் சாப்பிடவில்லை.

எனக்குத் தெரியும்! சாப்பாட்டால் பரவாது என்று தெரியும். அவளுக்கு மருந்து முடியப்போகிறது என்று தெரியும். இதைப்பற்றி உரையாற்றியவன் நான். என் மூளை முழுவதும் சாப்பிடு என்றது. கை மட்டும் போகவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன், தெரியாது. பிறகு எழும்பி, எல்லாவற்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றி, குப்பை வாளியின் அடியில், மரக்கறித் தோலுக்குக் கீழே, வெளியே தெரியாதபடி வைத்தேன். மறைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது அல்லவா!

டப்பாவைக் கழுவினேன். இரண்டு தரம் கழுவினேன். பிறகு என் கைகளையும்.

வரிசையில் நகர்ந்தவர்களுக்கு விபரம் தெரியாது, தெரியாமல் நகர்ந்தார்கள். தேநீர்க்கடை முதலாளிக்குத் தன் வியாபாரப் பயம். எனக்கு? எல்லாம் தெரிந்திருந்தும் நகர்ந்தவன் அந்த ஊரில் நான் ஒருவன்தான்.

மறுநாள் டப்பாவை வாங்க வந்தாள்.

"எப்படி ஐயா இருந்துச்சு?"

"அருமை! அந்தச் சம்பல் இருக்கிறதே..."

"உப்பு சரியா இருந்துச்சா?"

"அளவாக இருந்தது."

செல்வி டப்பாவைக் கையில் வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, உள்ளே பார்த்து, மறுபடி மூடினாள்.

"சம்பலுக்கு உப்பே போடலைங்க ஐயா. அவசரத்துல மறந்துட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

போய்விட்டாள்.

உண்மையிலேயே மறந்தாளா? அல்லது என்னைப் பார்ப்பதற்காகவே உப்பில்லாமல் கொண்டுவந்தாளா? இரவில் புரண்டு புரண்டு யோசித்திருக்கிறேன். எதுவாக இருந்தால் என் பாரம் குறையும் என்று பார்க்கிறேன்... எதுவாக இருந்தாலும் குறையவில்லை.

அந்த மாத முடிவில் வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவள் பெயருக்கு எடுத்துவைத்த முட்டைத் தட்டு சங்க அறையில் கிடந்தது.

பிரதேச செயலகத்திலிருந்து உத்தியோகத்தர் வந்தது அதற்குப் பிறகுதான். கலகெதரப் பக்கத்து முஸ்லிம் இளைஞர், அமைதியானவர். நான் பெருமையோடு, திருவிழாப் பேச்சின் ஒலிப்பதிவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"சேர், இதெல்லம் மைக்ல செல்லிட்டீங்களா?"

"வெளிப்படைத்தன்மை..."

"நாங்க கேட்டது சங்கத்துட விஷயம். நீங்க என்ன செய்ற, ஆருக்கு எப்படித் தீர்மானிக்கிற, அதத்தான் ஊருக்குக் காட்டோணும். ஆளுகள்ட நோய் வருத்தத்த ஊருக்குக் காட்டச் செல்லி எந்தச் சட்டத்துலயும் இல்ல. அது எங்களுக்கே தேவைல்ல, சேர்."

பிறகு கேட்டார்: "இந்தக் கல்வி ஊக்குவிப்பு என்ன?"

நான் சொன்னதை ஊகித்திருப்பீர்கள்.

"அது... பயனாளிகளின் அந்தரங்கம்."

அவர் தலையசைத்தார். நான் எதையோ புரிந்துகொண்டுவிட்டேன் என்று எண்ணி மகிழ்ந்திருக்க வேண்டும். நல்ல பிள்ளை. ஒழுங்காக நடக்கும் சங்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதையும் சொல்லாவிட்டால் என்னைக் கள்ளன் என்பீர்கள். சொன்னபிறகும் சொல்லலாம். பெயர் குறிப்பிடாமல் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் தலைவர் நெகிழ்ந்துபோய், "பேரச் சொல்ல விரும்பாத ஒரு அன்பர்! இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசன்!" என்றார். சபை எழும்பி நின்று கைதட்டியது. நானும் எழும்பினேன். நானும் தட்டினேன்... எல்லாரும் தட்டும்போது ஒருவன் மட்டும் சும்மா நின்றால் சந்தேகம் வராதா?

என் பெயரை மறைத்தால் கைதட்டல். அவள் பெயரை மறைத்ததாக நான் நினைத்ததற்கு, அவளுக்குக் கிடைத்தது என்ன?

மடுல்கெல்லைக்குப் போனேன். ஒரு ஞாயிறு. பஸ் மலையேற ஏற என் மன்னிப்புரையை மனதுக்குள் திருத்திக்கொண்டே போனேன். நல்ல உரை. ஓரிடத்தை ரசித்து, இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் செல்வி விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல. பக்கத்து வீடுகளின் வாசல்களை. அண்ணி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, "யாரு?" என்றாள்.

"இன்சூரன்ஸ் ஐயா அண்ணி. கண்டியில பழைய பாலிசி ஒண்ணு இருந்துச்சு."

என்னைக் காப்பாற்றினாள். இல்லை, என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள்.

உள்ளே உட்காரவைத்தாள். சுவரில் ஆணியில் இடியாப்ப உரல் தொங்கியது. கழுவிக் காய்ந்து, தூசி பிடிக்கத் தொடங்கியிருந்தது. மருந்து முடிந்துவிட்டதாகவும் முழுக்கச் சுகம் என்றும் மெதுவாகச் சொன்னாள். இப்போது கொழுந்து பறிக்கப் போகிறாளாம்.

என் உரை எங்கேயோ போய்விட்டது. உளறினேன். தப்புச் செய்துவிட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தினால் நானா?

"அடுத்த திருவிழாவில் நானே மைக்கில் சொல்கிறேன் செல்வி. உனக்கு முழுசாகச் சுகமாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று. நீ திரும்பி வரலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்ப்பது போல.

"சுகமாயிருச்சுனு சொல்லணும்னா, வந்துச்சுனும் சொல்லணுமே ஐயா. இங்க யாருக்கும் தெரியாதுங்க. அண்ணிக்கே தெரியாது. கண்டியில யாவாரம் படுத்துருச்சுனு சொல்லித்தான் வந்தேன்."

"தேத்தண்ணி குடிப்பீங்களா?" என்று கேட்டாள். சாதாரணமான கேள்வி. மலைநாட்டில் எந்த வீட்டிலும் கேட்கிற கேள்வி. ஆனால் கேட்டுவிட்டு, பதில் வருமுன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டாயம்! கட்டாயம்!"

கொண்டுவந்தாள். கோப்பையை அவள் கையிலிருந்து பறித்தமாதிரி வாங்கி, கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதை வேறுவிதமாக எடுத்துக்கொள்வாள் என்றுகூட ஒரு கணம் நம்பினேன்.

"மெதுவாக் குடிங்க ஐயா" என்றாள் செல்வி. "இங்க யாரும் பாக்கல."

திரும்பிவரும் பஸ்ஸில் நாக்கின் எரிச்சல் கண்டிவரை இருந்தது. இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

நான் இன்னும் சங்கத்தின் செயலாளர். இன்னும் பத்தி எழுதுகிறேன். அந்தத் தேநீர்க்கடையில் இப்போது ரொட்டி நன்றாகப் போகிறது. பெட்டிகள் கட்டிலுக்குக் கீழேயே இருக்கின்றன. என்னை மன்னியுங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. மன்னிக்க நீங்கள் யார்? உங்கள் இடியாப்பத்தையா நான் குப்பையில் போட்டேன்?

இதை எழுதி முடித்ததும் மனைவியிடம் கொடுத்தேன். நேற்றுப் பின்னேரம். அவள் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து, கடைசிவரை நிதானமாக வாசித்தாள். உப்பு வரும் இடத்தில் சற்றே நின்றாள் போலிருந்தது. நான் எதிர்க் கதிரையில் இருந்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேரை மாற்றியிருக்கிறேன், ஊரை மாற்றியிருக்கிறேன், பலகாரத்தைக்கூட மாற்றியிருக்கிறேன்... இம்முறையாவது சரியாகச் செய்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"வடிவா எழுதியிருக்கிறீங்கள்" என்றாள். "இதை எழுதலாமோ எண்டு அந்தப் பிள்ளையிட்ட ஒருக்காக் கேட்டனீங்களோ?"